ஃபார்மலின் குளியலில் மீன்கள் இறந்தது ஏன்?

கொளத்தூரில் வண்ண மீன் வளர்க்கும் வாசகர் கேட்கிறார்: “தங்க மீன்களுக்குச் செவுள் புழு வந்ததால், 1,000 லிட்டர் சிமெண்ட் தொட்டியில் 250 மில்லி ஃபார்மலின் ஊற்றினேன். முக்கால் தொட்டித் தண்ணீர் இருந்தது. மே மாத மதியம் அது. அரை மணி நேரத்தில் பாதி மீன்கள் செத்துவிட்டன. மருந்து போலியா?”

மருந்தைச் சந்தேகிக்கும் முன் தண்ணீரைக் கணக்கிடுங்கள். முக்கால் தொட்டி என்றால் 750 லிட்டர்தான். அதில் 250 மில்லி ஊற்றினால் செறிவு 333 பிபிஎம் (1,000 லிட்டருக்கு 1 மில்லி என்பது 1 பிபிஎம்) ஆகிவிடும். ஒரு மணி நேரக் குளியலுக்கு 250 பிபிஎம் என்பதே உச்ச வரம்பு. அதுவும் குளிர்ந்த நீருக்கு உரியது. நீர் 21 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 150 பிபிஎம் அளவுக்குக் குறைக்க வேண்டும். நம் ஊரில் மார்கழியிலும் தொட்டி நீர் அதற்குக் கீழே இறங்குவது அரிது என்பதால், உங்கள் தொட்டிக்குச் சுமார் 112 மில்லி போதும்.

இன்னொரு காரணம் செவுளே. புழு அரித்துப் புண்ணான செவுளை ஃபார்மலின் மேலும் உறுத்துகிறது. போதாக்குறைக்கு, 32 டிகிரி வெந்நீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 7 மில்லிகிராம் அளவுக்கே கரையும். ஆகவே மீன்கள் நஞ்சால் மட்டுமன்றி மூச்சுத் திணறியும் இறந்திருக்கக்கூடும். இந்த இழப்பு தவிர்க்கக்கூடியது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்த முறை, முந்தைய நாள் தீனியை நிறுத்திவிட்டு, வெயில் ஏறும் முன் விடியற்காலையில் தொடங்குங்கள். முதலில் நாலைந்து மீன்களைத் தனி வாளியில் அதே செறிவில் விட்டு, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். குளியல் முடியும்வரை ஏரேட்டர் ஓடட்டும், நீங்களும் அருகிலேயே இருங்கள்; மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தாலோ சாய்ந்து நீந்தினாலோ, நேரம் முடியக் காத்திராமல் உடனே புது நீருக்கு மாற்றுங்கள். அடியில் வெள்ளை வண்டல் படிந்த ஃபார்மலினைத் தொடவே வேண்டாம். அந்த வண்டல் மீனுக்குக் கடும் நஞ்சு. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் இதனுடன் ஒருபோதும் கலக்காதீர்கள். உங்களுக்கும் கையுறையும் காற்றோட்டமும் அவசியம், ஏனெனில் ஃபார்மலினில் கரைந்துள்ள ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

செவுள் புழுவில் முட்டையிடும் வகையாக இருந்தால், முட்டைகளை மருந்து அழிக்காது. எனவே, குஞ்சுகள் வெளிவரும் நேரம் பார்த்து மறுபடி சிகிச்சை தேவைப்படும். எந்த வகை என்பதைச் செவுள் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் சொல்ல முடியும்; மாதவரம் மீன்வளப் பல்கலைக்கழக வளாகத்துக்கு உயிருள்ள மீன் இரண்டை எடுத்துச் சென்று கேளுங்கள்.