கத்திவிட்ட பிறகு ஒரு அப்பா என்ன செய்வது?

கேள்வி: மகனுக்கு 4 வயது, மகளுக்கு 5 மாதம். அலுவலகத்தில் குரலே உயர்த்தாத நான், மகனிடம் தினமும் கத்துகிறேன். அப்புறம் இரவெல்லாம் குற்ற உணர்ச்சி. 21 நாளில் பொறுமையான அப்பாவாக மாற்றுகிறோம் என்ற இணைய வகுப்புக்கு முன்பணம் கட்டிவிட்டேன். பலன் இருக்குமா?

பதில்: முதலில் உங்கள் கத்தல். மேலதிகாரியிடம் கத்தினால் வேலை போகும், 4 வயதுப் பையனிடம் கத்தினால் உடனே எதுவும் போவதாகத் தெரியாது. பகல் முழுக்கப் பொறுமையை வெளியாட்களுக்குப் பந்தி வைத்துவிட்டு, பாத்திரத்தின் அடியில் ஒட்டியதோடு வீட்டுக்கு வருகிறீர்கள். பெரும்பாலான அப்பாக்கள் இப்படித்தான்.

இனி கத்தவே மாட்டேன் என்று சபதம் போடாதீர்கள், மூன்றாம் நாள் உடையும். கத்திய பிறகு என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். காலை அவசரத்தில் பையன் வலது ஷூவை இடது காலில் திணிக்கிறான், நீங்கள் கத்துகிறீர்கள், அவன் அழாமல் ஷூவைக் கழற்றி உங்கள் பக்கம் தள்ளிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறான். சாயங்காலம் பொம்மை வாங்கிப் போய்ச் சரிக்கட்ட வேண்டாம். அங்கேயே உட்கார்ந்து, "அப்பா கத்தினது தப்பு" என்று சொல்லுங்கள். அதோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். "ஆனா நீயும் சீக்கிரம் போட்டிருக்கலாம்ல" என்று வால் ஒட்டினால் கேட்ட மன்னிப்பு செல்லாது.

எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் தாயும் குழந்தையும் கொஞ்சுவதை நொடி நொடியாகப் பார்த்தவர். நல்ல உறவிலும் இருவரும் ஒத்துப்போகும் நேரம் ஏறக்குறைய 30 சதவீதம்தான், மிச்சமெல்லாம் பிசகுவதும் சரிசெய்துகொள்வதும். அப்பாவுக்கும் இதே கணக்குதான் என்பது என் அனுபவம்.

ஆனால் ஒன்று, இதை அவசரமாகப் படிக்காதீர்கள். 5 மாதக் குழந்தை இருக்கிறது என்கிறீர்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு அப்பாக்களுக்கும் வரும். 2010இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சுமார் 10 சதவீத அப்பாக்களுக்கு இருந்தது, அதிலும் குழந்தைக்கு 3 முதல் 6 மாதம் ஆகும்போதுதான் அதிகம். ஆண்களிடம் இது அழுகையாக வராமல் எரிச்சலாகவும் கோபமாகவும் வரலாம் என்பதால் வீட்டிலேயே யாருக்கும் பிடிபடாது. குழந்தை தூங்கிய பிறகும் உங்களுக்குத் தூக்கம் வராமல், எதிலும் ஈடுபாடு இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பாருங்கள், மன்னிப்பு கேட்பதெல்லாம் அப்புறம். இதைக் கண்டுபிடிக்க 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ பட்டியல் 1987லேயே வந்துவிட்டது. அம்மாக்களுக்காக வந்தது, அப்பாக்களிடமும் சோதித்தாகிவிட்டது. தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற அப்பாவிடம் அந்தப் பத்துக் கேள்வியைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. அவரிடம் பில்லை மட்டும் நீட்டுகிறார்கள். எத்தனை வருடமாகச் சொல்கிறோம்! நீங்களாகவே கேளுங்கள்.

சரி, அந்த வகுப்பு. 21 நாள் கணக்கு, 1960இல் ஒரு பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை நிபுணர் தன் நோயாளிகளைப் பார்த்து எழுதியது. லண்டனில் பின்னால் அளந்து பார்த்தபோது ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது, சிலருக்கு 250ஐயும் தாண்டும் என்று கணக்கு வந்தது. அதுவும் தண்ணீர் குடிப்பது மாதிரி எளிய பழக்கங்களுக்கு. உங்கள் குற்ற உணர்ச்சிதான் இவர்களுக்கு முதலீடு. முதல் வகுப்பில் அழவைப்பார்கள், கடைசி வகுப்பில் அடுத்த நிலைக்குக் கட்டணம் கேட்பார்கள். படிப்பு என்ன, பதிவு எண் என்ன என்று கேட்டால் பேச்சு வேறெங்கோ போகும். முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், தரமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.