விண்டோஸ் நிறுவியதும் உபுண்டு காணோம்!

கேள்வி: ஒரே எஸ்எஸ்டியில் விண்டோஸ், உபுண்டு இரண்டும் வைத்திருந்தேன். விண்டோஸை மறுபடி நிறுவியபின், எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் க்ரப் மெனு வரவில்லை. உபுண்டு போய்விட்டதா?

பதில்: அதன் பார்ட்டிஷனை (எஸ்எஸ்டியில் அதற்கு ஒதுக்கிய பகுதியை) ஃபார்மேட் செய்யாதவரை போகாது. விண்டோஸ் தன் பூட் மேனேஜரை (கணினி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரலை) வரிசையில் முதலாவதாக வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். முதலில் பயாஸ் அமைப்புக்குள் போய் பூட் வரிசையில் ‘உபுண்டு’வை மேலே ஏற்றிப் பாருங்கள். பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

அந்தப் பெயரே இல்லையென்றால் உபுண்டு லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே உபுண்டுவை இயக்கும் பென்டிரைவ்) பூட் செய்து டெர்மினலைத் திறங்கள். ‘/சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ’ அடைவு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லையென்றால் யுஎஸ்பி பழைய லெகஸி முறையில் பூட் ஆகியிருக்கிறது. இன்றைய கணினிகளின் யுஇஎஃப்ஐ முறையில் மறுபடி பூட் செய்யுங்கள்.

பிறகு உபுண்டு நிறுவப்பட்டிருக்கும் ரூட் பார்ட்டிஷனை ‘/எம்என்டி’ அடைவில் மவுன்ட் செய்து (அதாவது இணைத்து), பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனை அதனுள் ‘பூட்/இஎஃப்ஐ’யில் மவுன்ட் செய்யுங்கள். இது எஃப்ஏடி32 வடிவில், பெரும்பாலும் 100 எம்பி முதல் சில நூறு எம்பி அளவில் இருக்கும். இதை மட்டும் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். விண்டோஸின் பூட் கோப்புகளும் இதில்தான் உள்ளன.

லைவ் யுஎஸ்பியின் டெவ், ப்ராக், சிஸ், ரன் ஆகிய நான்கு சிஸ்டம் அடைவுகளையும், உள்ளே மவுன்ட் ஆனவற்றையும் சேர்த்துக் கொண்டுவரும் ‘ஆர்பைண்ட்’ முறையில் ‘/எம்என்டி’க்குள் இணையுங்கள். வெறும் ‘பைண்ட்’ போட்டால் சிஸ்ஸுக்குள் இருக்கும் இஎஃப்ஐ மாறிகள் (பூட் வரிசை போன்ற அமைப்புகள்) சேர்ந்து வராது. க்ரப் நிறுவும்போது பிழை காட்டும். பிறகு ‘/எம்என்டி’க்கு சிஎச்ரூட் செய்து (அதாவது நிறுவிய உபுண்டுவுக்குள் நுழைந்து) ‘க்ரப்-இன்ஸ்டால்’, ‘அப்டேட்-க்ரப்’ கட்டளைகளை இயக்குங்கள்.

மெனுவில் விண்டோஸ் வராவிட்டால் பதறவேண்டாம். க்ரப் 2.06 முதல் பிற இயங்குதளங்களைத் தேடும் வசதி இயல்பாக அணைந்திருக்கும். ‘/இடிசி/டிஃபால்ட்/க்ரப்’ கோப்பில் ‘க்ரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்’ மதிப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கி, ‘அப்டேட்-க்ரப்’பை மறுபடி இயக்குங்கள்.