வாசகர் கேள்வி – பதில்: குனிந்து நிமிர்வதற்கு ஒரு பயிற்சி

கேள்வி: நாள்தோறும் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கச் செல்கிறேன். வயது 44. மாலையில் வண்டியை விட்டு இறங்கும்போது இடுப்பை நிமிர்த்த முடிவதில்லை. கொச்சியில் படிக்கும் மகள் பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சியைச் செய்யச் சொல்கிறாள். அது வசதியுள்ளவர்கள் இயந்திரங்களில் செய்வதல்லவா? நாள் முழுவதும் உடல் வளைத்து உழைக்கும் எனக்குத் தனியே பயிற்சி எதற்கு?
– வாசகி, கம்பம்

பதில்: இயந்திரம் கட்டாயமன்று, சகோதரி. இம்முறையை வகுத்த ஜோசப் பிலாட்டீஸ் 1883இல் ஜெர்மனியில் பிறந்து, சிறுவயதில் ஆஸ்துமாவால் நலிந்தவர். முதல் உலகப்போரின்போது இங்கிலாந்தில் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்த காலத்தில் உடனிருந்தவர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1945இல் வெளியான அவரது நூலிலுள்ள 34 பயிற்சிகளுக்கும் தரையும் ஒரு விரிப்பும் போதும்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முதன்மையானது. ஏலக்காய்ச் சரங்கள் செடியின் அடியில் தரையை ஒட்டி இருப்பதால், காய் எடுப்பவர் மணிக்கணக்கில் ஒரே நிலையில் வளைந்திருக்க நேர்கிறது. உழைப்பு மிகுதிதான் என்றாலும் அது சில தசைகளை மட்டும் ஓயாமல் வருத்துகிறது, மற்றவற்றை விட்டுவிடுகிறது. இடுப்பில் இறுக்கிக் கட்டிய துணியைப்போல வயிற்றைச் சுற்றியிருக்கும் ஆழ்தசையும், முதுகெலும்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் சிறு தசைகளும், மூச்சுக்குரிய உதரவிதானமும், இடுப்பின் அடித்தளத் தசைகளும் சேர்ந்து இயங்கும்போதுதான் நடுவுடல் உறுதியாக நிற்கும். நாட்பட்ட இடுப்புவலி உள்ள பலருக்கு இந்த ஒத்திசைவு குலைந்திருக்கிறது. அதை மூச்சோடு இணைத்து, நிதானமாக மீட்டெடுப்பதே பிலாட்டீஸின் பணி.

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். விலா எலும்புகள் பக்கவாட்டில் விரியும்படி மூக்கால் மூச்சை இழுத்து, வெளியே விடும்போது தொப்புளுக்குக் கீழுள்ள பகுதியை மெல்ல உள்வாங்கி, முதுகு அசையாதபடி ஒரு பாதத்தை மட்டும் சற்றே உயர்த்தி இறக்குங்கள். பக்கத்துக்கு 8 முறை போதும். பிறகு அதே நிலையில் இடுப்பை மெதுவாக உயர்த்தி இறக்கலாம். சில வாரங்கள் பழகியபின், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டிப் பாருங்கள். வாரத்தில் மூன்று நாள், 15 நிமிடம் என்று தொடங்கினால் நல்லது. எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட அசைவு பிசகாமல் செய்வதே முக்கியம் என்பதை நான் அழுத்திச் சொல்வேன்.

விரிப்பில் கற்றதைத் தோட்டத்துக்கும் எடுத்துச் செல்லுங்கள். காய்ச் சாக்கைத் தூக்கும்போது இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, சாக்கை உடலோடு அணைத்து, மூச்சை விட்டபடியே எழுங்கள். இடையிடையே நிமிர்ந்து நின்று தோள்களைப் பின்னுக்குச் சுழற்றுங்கள்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பயிற்சி ஏதுமின்றி இருப்பதைவிடப் பிலாட்டீஸ் இடுப்புவலியைக் குறைக்கக்கூடும் என்றும், பிற உடற்பயிற்சிகளைவிட அது மேலானது என்பதற்கு உறுதியான சான்றில்லை என்றும் கூறுகிறது. எனவே யோகாசனம் உங்களுக்குப் பழக்கமென்றால் அதையே தொடரலாம். ஆனால் வலி காலுக்குள் இறங்கி மரத்துப்போனாலோ, சிறுநீரை அடக்க முடியாமற்போனாலோ, காய்ச்சலும் சேர்ந்துகொண்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு வயது 63, எலும்புத் தேய்வு, அதாவது எலும்பின் அடர்த்திக் குறைவு, இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நானும் இதைச் செய்யலாமா?
– வாசகி, செங்கோட்டை

பதில்: செய்யலாம், ஆனால் எலும்பின் அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை முன்னோக்கிச் சுருட்டும் அசைவுகளையும், குனிந்தபடி உடலைத் திருகுவதையும் அறவே தவிர்க்க வேண்டும், ஏனெனில் அவை முதுகெலும்பில் முறிவை உண்டாக்கக்கூடும். படுத்து எழுந்து உட்காரும் வயிற்றுப் பயிற்சியும் இதில் அடங்கும். சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவதும், நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுவதும் உங்களுக்கு ஏற்றவை. முதல் சில வாரங்களுக்கு இயன்முறை மருத்துவர் ஒருவரின் முன்னிலையில் செய்யுங்கள்.