எலக்ட்ரான் போனால் ஏன் கூட்டல் குறி?

கேள்வி: உலோக அணு எலக்ட்ரானை இழக்கிறது என்கிறோம். இழந்தால் கழித்தல் குறிதானே வர வேண்டும்? அப்படி உருவாகும் அயனிக்கு (மின்சுமை உள்ள அணுவுக்கு) ஏன் கூட்டல் குறி போடுகிறார்கள்?

பதில்: அந்தக் குறி காட்டுவது மின்சுமையை, எத்தனை எலக்ட்ரான் போயிற்று என்ற கணக்கை அல்ல. சோடியம் அணுக்கருவில் 11 புரோட்டான், சுற்றிலும் 11 எலக்ட்ரான். ஒன்று போனதும் 11-க்கு 10 என்றாகிறது. ஈடு இல்லாமல் நிற்கும் அந்த ஒரு புரோட்டானின் சுமைதான் கூட்டல் ஒன்று. ‘சோடியம் ஒரு புரோட்டானைப் பெற்று நேர்மின் அயனி ஆகிறது’ என்று எழுதிவிடாதீர்கள். புரோட்டான் ஒன்று கூடினால் அது சோடியமே அல்ல, மெக்னீசியம்.

கேள்வி: சோடியம் தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிடத் துடிக்கிறது என்று படித்தேன். அயனியாக்கும் ஆற்றல் கொடுத்தால்தான் எலக்ட்ரான் வெளியேறும் என்றும் படித்தேன். எது சரி?

பதில்: இரண்டாவதுதான் சரி. முதலாவது எளிமைக்காகச் சொல்லப்போய், தவறான படத்தை மனத்தில் பதித்துவிடும் வாக்கியம். எந்த உலோக அணுவும் எலக்ட்ரானைச் சும்மா விட்டுவிடாது. ஆற்றல் கொடுத்துத்தான் பிடுங்க வேண்டும். சோடியத்துக்கு அது மோலுக்கு (அணுக்களை எண்ணும் வேதியியல் அளவு) 496 கிலோஜூல்.

அப்படியானால் சாப்பாட்டு உப்பு எப்படி உருவாகிறது? வரவு செலவு போட்டுப் பாருங்கள் (எல்லா எண்களும் மோலுக்குக் கிலோஜூலில்). திடச் சோடியத்தை வாயு அணுக்களாக்க 107, எலக்ட்ரானைப் பிடுங்க 496, குளோரின் மூலக்கூறைப் பிளந்து ஒரு மோல் அணுக்களைப் பெற 121. மொத்தச் செலவு 724. குளோரின் அணு எலக்ட்ரானை ஏற்கும்போது திரும்புவது 349 மட்டுமே. இத்தோடு நின்றால் நஷ்டம்தான். இரு அயனிகளும் நெருங்கிப் படிகமாக அடுக்கப்படும்போது 787 கிடைக்கிறது. கணக்கு அங்கேதான் திரும்புகிறது. மீதி சுமார் 410 கிலோஜூல் வெப்பமாக வெளியேறுகிறது. எதிர்மின் அயனியோ, சூழ்ந்துகொள்ளும் நீர் மூலக்கூறுகளோ இந்தச் செலவை ஈடுகட்டினால்தான் உலோகம் அயனியாக நிலைக்கும்.

சோடியம் ஏன் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறது என்பதற்கும் இதே கணக்குதான் விடை. இரண்டாவது எலக்ட்ரான் உள்கூட்டில், அணுக்கருவுக்கு வெகு அருகில் இருக்கிறது. அதைப் பிடுங்க 4562 வேண்டும். எந்தப் படிகமும் அதை ஈடுகட்டாது. மெக்னீசியத்தின் முதல் மூன்று எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க 738, 1451, 7733 வேண்டும். எண்கள் எங்கே எகிறுகின்றனவோ அங்கே வெளிக்கூடு காலி என்று பொருள். எட்டு எலக்ட்ரான் விதியை (வெளிக்கூட்டில் எட்டு இருந்தால் அணு நிலைபெறும் என்பதை) மனப்பாடம் செய்வதைவிட இந்த எண்களை ஒருமுறை பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும்.

கேள்வி: இரும்பு மட்டும் ஏன் இரண்டும் இழக்கிறது, மூன்றும் இழக்கிறது?

பதில்: முதலில் போவது 4எஸ் என்ற வெளிக்கூட்டுத் துணைக்கூட்டில் உள்ள இரண்டு. (நிரம்பும்போது 4எஸ் முன்னால், 3டி பின்னால். இழக்கும்போதும் 4எஸ்தான் முதலில். பலர் இங்கே தடுமாறுகிறார்கள்.) அதற்கு உள்ளே இருக்கும் 3டி துணைக்கூட்டில் மிஞ்சும் ஆறில் ஒன்றை எடுப்பதும் ஈடுகட்ட முடியாத செலவு இல்லை. அதனால்தான் வெளிர்பச்சையான ஃபெரஸ் (இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்பு) சல்பேட் கரைசல், காற்றுப் பட்டால் மஞ்சளாகிவிடுகிறது. அதைத் தள்ளிப்போட, கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலமும் துரு நீக்கிய ஓர் இரும்பு ஆணியும் போட்டு வையுங்கள். உருவாகும் ஃபெரிக் (மூன்று இழந்த இரும்பு) அயனியை ஆணி மீண்டும் ஃபெரஸ் ஆக்கிவிடும்.

கேள்வி: அலுமினியம் செம்பைவிட வினைத்திறன் மிக்கது என்கிறார்கள். மயில்துத்தக் (செம்பு சல்பேட்) கரைசலில் அலுமினியத் தாளைப் போட்டேன். உப்புத்தாளால் தேய்த்தும் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லையே?

பதில்: அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் இருக்கிறது. தேய்த்தாலும் காற்றுப் பட்ட கணமே மறுபடி மூடிக்கொள்ளும். செம்பு அயனி உலோகத்தைத் தொட்டால்தானே எலக்ட்ரானை வாங்க முடியும்?

100 மில்லி தண்ணீரில் 2.5 கிராம் மயில்துத்தம் கரைத்து, 10 சென்டிமீட்டர் சதுரத் தாளைத் தளர்வாகக் கசக்கிப் போடுங்கள். பிறகு ஒரு தேக்கரண்டி சாப்பாட்டு உப்பைச் சேர்த்துக் கலக்குங்கள். நீலம் பச்சைக்கு மாறும். குளோரைடு அயனிகள் படலத்தின் பலவீனமான இடங்களைத் துளைக்கும். தாளில் முதலில் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றி, அவையே ஓட்டைகளாகும். குமிழிகள் வரும், கண்ணாடிக் குவளை சூடாவது கையில் தெரியும். இரண்டு அலுமினிய அணுக்கள் ஆறு எலக்ட்ரான்களை விட, மூன்று செம்பு அயனிகள் அவற்றை வாங்கிக்கொண்டு உலோகமாகப் படிகின்றன. கணக்குப்படி 0.18 கிராம் அலுமினியம் கரைந்தால் 0.64 கிராம் செம்பு. நிறுத்துப் பார்த்தால் அலுமினியம் இதைவிடக் கூடுதலாகக் கரைந்திருக்கும். ஹைட்ரஜன் குமிழிகளும் அதன் எலக்ட்ரான்களில்தான் உருவாகின்றன. ஆகவே பக்கத்தில் தீ வேண்டாம், குவளையை மூடவும் வேண்டாம். அடியில் சேர்வது செம்பு நிறமாக மின்னாது. பொடியாக இருப்பதால் கருஞ்சிவப்பாகத்தான் தெரியும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கரைசலில் நிறம் மிஞ்சியிருந்தால் இன்னொரு துண்டுத் தாளைப் போட்டு, நிறம் முழுக்கப் போன பிறகே கொட்டுங்கள். செம்பு அயனி மீன்களுக்கு நஞ்சு.