தனி வீட்டில் பூனைக் கதவை எந்த இடத்தில் வைப்பது நல்லது?

பூனைக் கதவு என்பது, பூனை தானே வந்து போகக் கதவில் ஓட்டை போட்டுப் பொருத்தும் சிறு மடல். அதற்கு வாசல் கதவை விட்டுவிடுங்கள். தெருப் பக்கம் வண்டியும் நாயும்தான். பெரும்பாலான தனி வீடுகளில் அடுப்படியிலிருந்து கொல்லைக்குப் போகும் கதவே சரியான இடம். மேலே சன்ஷேட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி மழைச் சாரல் மடலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். வெளியே தலை நீட்டும் பூனை முதலில் நின்று நோட்டம் விடும். அந்த இடத்தில் இரண்டு பூந்தொட்டியோ துவைகல்லோ மறைவாக இருந்தால் துணிந்து இறங்கும். பக்கத்து வீட்டுக் கடுவன் உட்காரும் மதில் நேர் எதிரே இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

பூனை நிற்கும்போது தரையிலிருந்து அதன் வயிறு வரை அளந்து, ஓட்டையின் கீழ் விளிம்பை அந்த உயரத்தில் வையுங்கள். பெரும்பாலும் 10 முதல் 15 செ.மீ. வரும். உள்பக்கம் மட்டும் அளந்துவிட்டு வெளிப்பக்கத்தை மறப்பதுதான் வழக்கமான தவறு. கொல்லைப் படி 20 செ.மீ. கீழே இருந்தால், திரும்பி வரும்போது பூனை 30 செ.மீ.க்கு மேல் எம்ப வேண்டும். கிழப் பூனைக்கு அது கஷ்டம். வெளியே ஒரு கல் போட்டுப் படியை உயர்த்துங்கள்.

நம் வீட்டுக் கதவுகளில் இன்னொரு சிக்கல், அடித் தாழ்ப்பாள். ஓட்டைக்குள் கைவிட்டால் அது எட்டும். நீளமான கைக்கும் எட்டாத உயரத்துக்குத் தாழ்ப்பாளை மாற்றிய பிறகே கதவை அறுக்கச் சொல்லுங்கள். கதவை முழுக்கத் திறந்தால் சுவரோடு ஒட்டி நிற்குமா என்றும் பாருங்கள். பகலெல்லாம் அப்படித் திறந்து கிடக்கிற கதவில் பூனைக் கதவுக்கு வேலையே இல்லை.

தேக்குப் பேனல் கதவில் பேனலை மட்டும் அறுக்கலாம், சட்டத்தைத் தொடக்கூடாது. கீழ்ச் சட்டமே பல கதவுகளில் ஒரு சாண் உயரம் என்பதால் ஓட்டை மேலே போய்விடும். அப்போது உள்ளேயும் ஒரு பலகைப் படி வேண்டும். ப்ளஷ் டோர் (பேனல் இல்லாத சமதளக் கதவு) என்றால் பூனைக் கதவோடு வரும் அளவுத் தாளை ஒட்டி, மூலைகளில் 10 மி.மீ. துளை போட்டு, ஜிக்சாவில் அறுக்கலாம். அறுத்த விளிம்புக்கு இரண்டு கோட்டிங் பிரைமர் அடிக்காவிட்டால் தண்ணீர் ஏறி உப்பிவிடும். டஃபன்ட் கண்ணாடியை அறுக்கவே முடியாது, நொறுங்கிப்போகும். ஓட்டையோடு புதிதாகத்தான் செய்து வாங்க வேண்டும். இரும்புக் கதவில், பூனையின் உடலில் வைத்த சிப்பைப் படித்துத் திறக்கும் வகை சரியாக வேலை செய்யாமல் போகலாம், உலோகம் அதன் ஆன்டெனாவைக் குழப்பும்.

சுவரில் வைப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். 9 அங்குலச் சுவர் என்றால் 23 செ.மீ. குகை, பல பூனைகள் தயங்கும். வேறு வழியில்லையென்றால் உள்ளே வயர் பைப் ஓடுகிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டுவிட்டு, தண்ணீர் நிற்காதபடி வெளிப்பக்கம் லேசாகச் சரித்துக் கட்டச் சொல்லுங்கள்.

காந்த மடல் பாம்பைத் தடுக்காது. இருட்டும் முன் பூனையை உள்ளே அழைத்துப் பூட்டும் வசதியுள்ளதாக வாங்குங்கள். சாப்பாட்டுத் தட்டைப் பூனைக் கதவின் அருகில் வைக்காதீர்கள். மீன் வாசனைக்கு ஊர்ப் பூனைகள் எல்லாம் வரும்.