கவலை ஒன்றுதான், எனக்கு மட்டும் ஏன் இளைக்கிறது?

கேள்வி: எங்களுடையது திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கடைமடைக் கிராமம். எனக்கு வயது 42. போன சம்பா அறுக்கிற நேரத்தில் மழையில் சாய்ந்துவிட்டது. சொசைட்டிக் கடனும் நகைக்கடனும் அப்படியே நிற்கின்றன. ஆறு மாதத்தில் 58 கிலோவிலிருந்து 51-க்கு வந்துவிட்டேன். ரவிக்கைகளை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாகிவிட்டது. நாலு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது. ராத்திரி 2 மணிக்கு எழுந்து மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று செல்போனில் பார்க்கிறேன். என் வீட்டுக்காரருக்கும் இதே கவலைதான், ஆனால் அவருக்குத் தொப்பை போடுகிறது. கவலை ஆளை இப்படியா மாற்றும்?

பதில்: மாற்றும், சகோதரி. பயம் வந்ததும் உடம்பு ஓடத் தயாராகிறது. அட்ரினலின் சுரந்து நெஞ்சு அடித்துக்கொள்கிறது, இரைப்பை தன் வேலையைத் தள்ளிப்போடுகிறது. அதனால்தான் சோறு தொண்டையிலேயே நிற்பதுபோல் இருக்கிறது. சிலருக்கு இதே பதற்றத்தில் வயிறும் அடிக்கடி போகும். கவலை மாதக்கணக்கில் நீடித்தால் கார்டிசால் என்ற ஹார்மோனும் கூடும். இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் தேட வைத்து, கொழுப்பை வயிற்றில் சேர்ப்பது அதுதான். இளைப்பதும் பெருப்பதும் ஆளுக்கு ஆள் மாறும்.

ஆனால் அந்த 7 கிலோவையும் கவலைக் கணக்கிலேயே எழுதிவிடாதீர்கள். முயற்சி செய்யாமலே ஆறு மாதம், ஒரு வருடத்தில் எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தாலே காரணம் தேட வேண்டும். உங்களுக்கு 12 பங்கு குறைந்திருக்கிறது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, உடம்பு மெலிவது எல்லாம் வரும். சர்க்கரை, காசநோய் இரண்டும் ஆளைக் கரைக்கும். கவலைப்பட நிஜமான காரணம் இருப்பவர்களிடம்தான் இவை கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. இந்த வாரமே அரசு மருத்துவமனைக்குப் போய் எடை குறைந்த கணக்கைச் சொல்லுங்கள். தைராய்டு, சர்க்கரை, ரத்த அளவு மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அதுவரை வெறும் வயிற்றில் டீ வேண்டாம், படபடப்பு கூடும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மோர் விட்ட கஞ்சி, அவித்த முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை என்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கட்டும். நீர்மட்டத்தைக் காலையில் ஒரு தடவை பார்த்தால் போதும். ராத்திரி செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால், சரி, கவலைக்கே வைத்தியம் பார்க்கலாம். அதற்கும் மருந்து உண்டு, பேசித் தீர்க்கும் சிகிச்சையும் உண்டு. அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அப்புறம், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கும் பிரஷரும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.