1,500 ரூபாய் உயர்வு: சனிக்கிழமை கையெழுத்துக்கு முன்

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் 11 வருடமாக வேன் ஓட்டுகிறேன். டிரைவர்கள், ஆயாக்கள், ஆபீஸ் ஆட்கள் என்று 34 பேர் இருக்கிறோம். மூன்று வருடமாகச் சம்பளம் 13,000-லேயே நிற்கிறது. மே மாதம் பாதிச் சம்பளம்தான். ஒரு நாள் லீவு எடுத்தாலும் பிடித்தம். எல்லோரும் சேர்ந்து கேட்டதும் தாளாளர் 1,500 ஏற்றித் தருகிறேன், சனிக்கிழமை ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். நடுவில் ஒருவர் வந்து, லேபர் ஆபீஸில் எனக்கு ஆள் இருக்கிறது, தலைக்கு 2,000 கொடுங்கள், 4,000 உயர்வு வாங்கித் தருகிறேன் என்கிறார். டீச்சர்களும் எங்களோடு சேர நினைக்கிறார்கள். சங்கம் வைத்தால் வேலை போய்விடுமா?

பதில்: முதலில் அந்த நடுவில் வந்த மனிதரை அனுப்பிவிடுங்கள். தலைக்கு 2,000 என்றால் 34 பேருக்கு 68,000 ரூபாய். ஒரு சங்கத்தைப் பதிவு செய்து, கோரிக்கை மனு கொடுத்து, தொழிலாளர் துறையில் சமரசப் பேச்சுவார்த்தை முடியும்வரை நடக்க உங்களுக்கு இவ்வளவு செலவு ஆகவே ஆகாது. சமரச அலுவலரிடம் மனு கொடுக்கக் கட்டணம் கிடையாது. இந்த ஆட்கள் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வாங்குகிறவர்கள். உங்களிடம் 68,000 வாங்கிவிட்டு, தாளாளரிடம் போய் “நான் பேசி அடக்கிவிடுகிறேன்” என்று அங்கேயும் ஒரு தொகை வாங்குவார்கள். தொழிலாளர் நீதிமன்ற வாசலில் இருபது வருடம் நின்றவன் சொல்கிறேன், “எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது” என்று சொன்ன ஒருவராவது கையில் ஒரு ஒப்பந்த நகலோடு திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

இனி சனிக்கிழமை பேப்பர். உங்கள் கேள்வியில் எனக்குப் பயம் தருவது இதுதான், நீங்களோ அதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். சில வருடங்களுக்கு முன் ஆயாக்கள் ஆறு பேர் இப்படித்தான் ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். முதல் பக்கத்தில் சம்பள உயர்வு, தேதி, பள்ளி முத்திரை எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலில் டிக் அடித்திருந்தார்கள். அந்த டிக்குக்கு மேலே இருந்த நான்கு வரியை யாரும் படிக்கவில்லை. இன்றுவரை எனக்குச் சேர வேண்டிய எல்லாம் பெற்றுக்கொண்டேன், இனி ஜூன் முதல் ஒப்பந்ததாரரிடம் பணிபுரியச் சம்மதிக்கிறேன் என்று இருந்தது. 500 ரூபாய் உயர்வுக்கு ஒன்பது வருடப் பணியை எழுதிக் கொடுத்திருந்தார்கள். டிரைவர்களுக்கு இந்த வலை இன்னும் சுலபம். “போக்குவரத்தை வெளியே கொடுத்துவிட்டோம்” என்ற ஒரு வரி போதும்.

அதனால் கேளுங்கள். பேப்பரை முன்கூட்டியே கொடுக்கச் சொல்லுங்கள். போட்டோ எடுங்கள். கொடுக்க மறுத்தால் காரணம் உங்களுக்கே புரிந்துவிடும்.

சங்கக்காரர்கள் பேசும்போது 18(1), 12(3) என்று இரண்டு எண் காதில் விழும். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் பிரிவுகள் அவை. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது, பிரிவு எண்களும் மாறிவிட்டன. ஆனால் பேச்சு வழக்கு மாறவில்லை, விஷயமும் மாறவில்லை. தாளாளர் அறையில் உட்கார்ந்து நீங்களும் அவரும் போட்டுக்கொள்வது 18(1). கையெழுத்துப் போட்டவரை மட்டுமே அது கட்டும். சமரச அலுவலர் முன்னிலையில் போடுவது 12(3). அது பள்ளியில் வேலை செய்யும் எல்லாத் தொழிலாளர்களையும், நாளை வேலைக்குச் சேருகிறவரையும்கூடக் கட்டும். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும், முறையாக நோட்டீஸ் கொடுத்து முடித்துக்கொள்ளும்வரை அதே நிபந்தனைகள் ஓடும். 1,500-ஓ 1,000-ஓ, அது 12(3)-ல் வரட்டும். தாளாளர் அறையில் பேசிய 4,000-ஐவிட அதிகாரி முன் எழுதிய 1,500 உங்களுக்குப் பெரிது.

வேலை போகுமா என்று கேட்டீர்கள். மிரட்டுவார்கள், அது நிச்சயம். ஆனால் சங்கம் வைத்ததற்காக வேலையை விட்டு நீக்குவது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று சட்டமே பெயர் வைத்திருக்கிறது. பேச்சுவார்த்தை அதிகாரி முன் நிலுவையில் இருக்கும்போது, அந்தத் தகராறு சம்பந்தமாக ஒருவரை நீக்க வேண்டுமென்றால் அதிகாரியின் எழுத்துமூல அனுமதி வேண்டும். சம்பளத்தையோ வேலை நேரத்தையோ உங்களுக்குப் பாதகமாக மாற்றவும் முடியாது. ஆகவே பாதுகாப்பு தொடங்குவது மனு கொடுத்து சமரசம் ஆரம்பித்த பிறகுதான். டீக்கடையில் கூடிப் பேசிய நாள் கணக்கில் வராது. முதலில் மனு, பிறகு கூட்டம், பிறகு வாட்ஸ்அப் வீரம். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சங்கம் பதிய ஏழு பேர் கையெழுத்து வேண்டும். உங்கள் 34 பேரில் 18 பேராவது சந்தா ரசீதோடு உறுப்பினராக இருக்கட்டும். 51 சதவீதம் கையில் இருந்தால், நிர்வாகம் நாளை நான்கு பேரை வைத்து ஒரு பொம்மைச் சங்கம் தொடங்கினாலும் பேசும் உரிமை உங்களுடையது. ரசீதுப் புத்தகத்தை ஒருவர் வீட்டில் பத்திரமாக வையுங்கள், பள்ளி லாக்கரில் வேண்டாம்.

டீச்சர்கள் விஷயத்துக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும். இங்கேதான் நல்ல சங்கங்களே சறுக்கி விழுகின்றன. பள்ளி ஒரு ‘தொழில்’ என்று உச்ச நீதிமன்றம் 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் சொல்லிவிட்டது. சரி, அப்படியானால் பள்ளியில் வேலை செய்யும் எல்லோரும் தொழிலாளர்தானே? இல்லை. கோவாவில் ஒரு பள்ளி ஆசிரியையான சுந்தராம்பாள் வேலைநீக்கத்தை எதிர்த்துப் போன வழக்கில், 1988-ல் அதே உச்ச நீதிமன்றம், ஆசிரியர் செய்வது உடலுழைப்பும் இல்லை, எழுத்தர் வேலையும் இல்லை, அது உன்னதமான பணி, எனவே ஆசிரியர் ‘தொழிலாளர்’ ஆகமாட்டார் என்றது. உன்னதத்தைக் காட்டினால் மளிகைக் கடையில் அரிசி போடுவார்களா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான். அதனால் டீச்சர் பெயர் உங்கள் கோரிக்கை மனுவில் இருந்தால், நிர்வாகத்தின் வக்கீல் முதல் நாளே அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாய்தா வாங்குவார்.

டீச்சருக்குப் பேருந்துப் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள், அட்மிஷன் நோட்டீஸ் கொடுக்கத் தெருத்தெருவாக அனுப்புகிறார்கள், அப்படியானால் அவரும் தொழிலாளர் இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. முக்கியமான வேலை எது என்றுதான் பார்ப்பார்கள். பாடம் நடத்துவது முக்கிய வேலை என்றால் மற்றதெல்லாம் ஒட்டு வேலை. அதே நேரம் ஆய்வகத்தில் குடுவை கழுவி அடுக்கும் லேப் உதவியாளர், கட்டணம் வாங்கி ரசீது போடும் ஆபீஸ் பெண், இவர்களைப் பதிவேட்டில் ‘ஆசிரியர்’ என்று எழுதி வைத்திருந்தாலும் அவர்கள் உங்கள் பக்கம்தான். பட்டம் முக்கியமில்லை, கை செய்யும் வேலைதான் முக்கியம். ஆகவே டீச்சர்கள் தனிச் சங்கமாகத் தனி மனு கொடுக்கட்டும். அவர்கள் பிரச்சினை தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வழியாகக் கல்வித் துறைக்குப் போக வேண்டும். ஒரே நாளில் இரண்டு மனுவும் போவதை யாரும் தடுக்க முடியாது.

ஆனால் அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். தொழிலாளர் இல்லை என்பதால் எல்லாம் போய்விட்டதாக நிர்வாகம் சொன்னால் நம்ப வேண்டாம். பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டத்தில் 2009-ல் திருத்தம் கொண்டுவந்து, 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு ஆசிரியர்களையும் சேர்த்தார்கள். தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போய் 2022 ஆகஸ்டில் தோற்றன. பி.எஃப்., மகப்பேறு விடுப்பு 26 வாரம், எல்லாம் அவர்களுக்கும் உண்டு. சான்றிதழ் அசலைப் பள்ளி வைத்துக்கொள்வதும், வங்கியில் போட்ட சம்பளத்தில் பாதியை ஏ.டி.எம்.மில் எடுத்து ரொக்கமாகத் திருப்பி வாங்குவதும் டீச்சர்களிடம்தான் அதிகம் நடக்கிறது. வங்கிப் பாஸ்புக்கை மட்டும் ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லுங்கள்.

இப்போது கோரிக்கை. 1,500 உயர்வு என்கிறார்களே, அது எந்தத் தலைப்பில் என்று கேட்டீர்களா? உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 13,000-ல் பேசிக் 4,000, மீதி 9,000 அலவன்ஸ் என்று பிரித்திருந்தால் கணக்கு இப்படிப் போகும். பணிக்கொடை என்பது ஒரு மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, பிறகு பணியாற்றிய வருடங்களால் பெருக்குவது. 13,000 முழுவதும் சம்பளமாக எடுத்தால் வருடத்துக்கு 7,500, 11 வருடத்துக்கு 82,500. பேசிக் 4,000-ஐ மட்டும் எடுத்தால் 25,000 சொச்சம். புதிய தொகுப்புச் சட்டங்களில் அலவன்ஸ் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகை சம்பளத்தோடு சேரும், அந்தக் கணக்கில் 6,500-க்கு 41,250 வரும். அதுவும் பாதிதான். எனவே உயர்வைப் பேசிக்கில் கேளுங்கள். போனாப்போகிறது என்று அலவன்ஸில் வாங்கினால் மாதம் கையில் வரும், ஓய்வில் முழுதாக வராது. பி.எஃப்-ஐ மத்திய அரசின் உமங் செயலியில் இன்று இரவே பாருங்கள். 20 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உங்கள் பெயரே அங்கே இல்லையென்றால் அதுவே உங்கள் முதல் கோரிக்கை.

மே மாதத்துக்கு வருவோம். வேலை இல்லாத மாதம் என்கிறார்கள். மே மாதத்தில் ஆர்.டி.ஓ. ஆய்வுக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவது யார்? அவசர வழிக் கதவு திறக்கிறதா, தீயணைப்புக் கருவி காலாவதி ஆகவில்லையா என்று வெயிலில் நின்று காட்டுவது யார்? நீங்கள்தான். அந்த நாட்களையெல்லாம் டிரிப் ஷீட்டில் எழுதி வையுங்கள். ஏப்ரலில் ரிலீவ் செய்து ஜூனில் புது ஆர்டர் கொடுக்கும் பழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால், அந்த ரிலீவிங் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். அதன் நோக்கமே பணித் தொடர்ச்சியை உடைப்பதுதான். ஒப்பந்தத்தில் “ஆண்டுக்கு 12 மாதச் சம்பளம்” என்று நான்கே வார்த்தை எழுதி வாங்குங்கள்.

லீவு: எத்தனை நாள் சி.எல்., எத்தனை நாள் ஈட்டிய விடுப்பு என்று எண்ணில் எழுத வேண்டும், “பள்ளி நடைமுறைப்படி” என்று விடக்கூடாது. உடம்பு சரியில்லாத நாளுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கிறது. சம்பளம் 21,000-க்குள் என்பதால் நீங்கள் அதில் வர வேண்டியவர்கள். சந்தா கட்டியிருந்தால் வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதம் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. “தேர்வு நாளில் எல்லோரும் ஒன்றாக லீவு போட்டுவிடுவோம், அப்போது தெரியும்” என்று உங்களில் யாரோ இந்நேரம் சொல்லியிருப்பார். புதிய சட்டத்தில் பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து சி.எல். போட்டால் அது வேலைநிறுத்தம். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும், சமரசம் நடக்கும்போது செய்யவும் கூடாது. அன்று ஒரு நாள் வீரம் காட்டினால், அடுத்த மாதம் நிர்வாகம் சட்டத்தின் பக்கம் நிற்கும், நீங்கள் வெளியே நிற்பீர்கள்.

சமரசம் 45 நாளில் முடிய வேண்டும் என்பது காகிதம். முதல் நாள் நிர்வாகத்தின் சார்பில் ஒரு மேலாளர் வருவார், “தாளாளர் ஊரில் இல்லை” என்பார், வாய்தா. அடுத்த நாள் வக்கீல் வருவார், அதிகாரப் பத்திரம் இல்லை, வாய்தா. தொழிலாளர் துறையில் கேட்டால் கல்வி அலுவலரைப் பாருங்கள் என்பார்கள், அங்கே போனால் இது லேபர் விஷயம் என்பார்கள். வரும் ஒவ்வொரு நாளும் உங்களுக்குச் சம்பளப் பிடித்தம், அவர்களுக்குச் சம்பளத்தோடு வேலை. அதனால் எல்லோரும் போகாதீர்கள், இருவர் மட்டும் முறைவைத்துப் போங்கள். சமரசம் முறிந்தால் அரசு வழக்கைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பிவைக்கும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, 90 நாளுக்குள் நீங்களே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பழைய சட்டத்தில் இல்லாத ஒரு நல்ல காரியம் இது.

“நாங்கள் அறக்கட்டளை, எங்களுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது” என்று கடைசியில் ஒரு வாதம் வரும். புதிய சட்டத்தில் தொண்டு நிறுவனங்களுக்கு விலக்கு இருப்பது உண்மை. கட்டண ரசீது, வேன் கட்டண ரசீது, சீருடை பில் மூன்றையும் பெற்றோர் யாரிடமாவது கேட்டு வாங்கி நகல் எடுத்து வையுங்கள். தொண்டுக்கு எவ்வளவு வசூலானது என்று அதிகாரியே பார்த்துக்கொள்வார்.

சனிக்கிழமைக்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கோரிக்கை மனுவைத் தாளாளருக்கும், நகலைத் தொழிலாளர் துறை மாவட்ட அலுவலகத்துக்கும் பதிவு செய்த ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். சனிக்கிழமை பேப்பரை நீட்டினால், “எங்கள் மனுவை அதிகாரிக்கு அனுப்பிவிட்டோம் சார், அங்கேயே வந்து போட்டுவிடுகிறோம்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கப் போங்கள்.